காந்தளை வேலியிலேயே விடுங்க



போன வருசம் கார்த்திகை மாசம், சென்னையில இருக்கிற எங்க அக்கா மகள் போன் பண்ணுச்சு. "மாமா, நான் ஹையசிந்த் வாங்கியிருக்கேன். பன்னெண்டு கிழங்கு. ஒன்னு நூறு ரூபாய்க்கு மேல ஆச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "ஏஞ் சாமி, அதைப் போய்க் காசு குடுத்தா வாங்குவாங்க? இங்க குளத்துல எல்லாம் அதை ஜேசிபி வச்சு வாரிக் கரையில கொட்டறாங்க. ஒரு டிராக்டர் லோடு வேணுமா, அனுப்பறேன்" என்றேன்.

அது சிரிச்சுட்டுச் சொல்லுச்சு: "மாமா, நீங்க சொல்றது வாட்டர் ஹையசிந்த், ஆகாயத்தாமரை. இது வேற. வெங்காயம் மாதிரி கிழங்கு. நீலம், ரோஸ், வெள்ளைன்னு கொத்தாப் பூக்கும், வாசம் வீடே தூக்கும். பத்து வாரம் ஃபிரிட்ஜுல வச்சு எடுத்துத் தொட்டியில நடணும்."

கிழங்கைக் குளிர்பெட்டியில் தூங்க வச்சு எழுப்பற வெள்ளாமையை நான் அதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதே இல்லைங்க. இதுக்கு நடுவுல எங்க அக்கா, காய்த் தட்டுல இருந்த கிழங்கை வெங்காயம்னு நினைச்சு சாம்பாருக்கு உரிக்க எடுத்து, கையெல்லாம் அரிப்பு வந்து, ஒரு நாள் முழுக்க மகளைத் திட்டித் தீர்த்திருக்கு. நல்லவேளை, சாம்பாருக்குள்ள போகலை.

பங்குனியில ஒரு போட்டோ வந்துச்சு. நாலு இலை குட்டையா நின்னுது. அதுக்கு நடுவுல பூந்தண்டு மேல வராமல் கழுத்துல சிக்கின மாதிரி பாதி விரிஞ்சு, பாதி கருகிப் போயிருந்துது. பன்னெண்டுல மூணுதான் அந்த அளவுக்காவது வந்துது. மத்ததெல்லாம் அழுகிடுச்சாம். "என்ன மாமா தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டுது.

தப்பு எதுவும் இல்லைங்க. அந்தப் பூவோட சொந்த ஊரு துருக்கி, சிரியா, லெபனான் பக்கம். குளிர்காலத்துல அங்க மலையெல்லாம் பனி மூடும். பூமொட்டு கிழங்குக்குள்ளேயே உருவாகி உக்காந்திருக்கும். ஆனா ரெண்டு மூணு மாசம் நல்லாக் குளிர் பட்டால்தான் தண்டு நீண்டு வெளியே வரும். குளிர் போதலைன்னா இப்படித்தான் கழுத்துல சிக்கும். குளிர் பட்டு வந்த பிறகும் இதமான வெயில்தான் அதுக்கு ஆகும். ஸ்ரீநகர் துலிப் தோட்டத்துல துலிப்போட சேர்ந்து ஹையசிந்தும் வரிசையாப் பூக்குது, ஏன்னா அங்க குளிரு இருக்கு. சென்னை மொட்டை மாடியில பங்குனி வெயில்ல அது என்ன செய்யும், பாவம்.

வசந்தகாலத்துக்குத் தோட்டத்துல நிறம் வேணும்னுதான் அந்தப் புள்ள ஆசைப்பட்டுது. வெள்ளைக்காரனுக்குப் பனி உருகினதும் வசந்தம். நமக்குச் சித்திரைன்னா மண்ணு வெடிச்சுக் கிடக்கும், கிணறு தரையைத் தொடும். எங்க காங்கேயம் பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுல பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவத்துல வரணும். அந்த ரெண்டு மாசம்தான் எங்க காடு பச்சை கட்டும், பூக்கும். எங்களுக்கு வசந்தம் அதுதான்.

இதைச் சொல்லி, "நம்ம ஊருக்கும் ஒரு கிழங்குப் பூ இருக்கு கண்ணு. ஃபிரிட்ஜும் வேண்டாம், உரமும் வேண்டாம். ஐப்பசிக்கு வா, காட்டறேன்" என்றேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த நாளே அது கேட்டுது: "மாமா, அந்தக் கிழங்கு எனக்கு அஞ்சு அனுப்புங்க. எங்க அபார்ட்மெண்டுல இன்னும் பத்துப் பேரு கேக்கறாங்க, அவங்களுக்கும் சேர்த்து அனுப்பினா நல்லது. காசு குடுத்துடறோம்."

இல்லைன்னு சொல்லிட்டேன். அக்கா மகளுக்கு முப்பது கிழங்கு குடுக்க மாட்டேன்னு சொன்ன மாமன் இந்த ஊருல நான் ஒருத்தன்தான். ஏன் சொன்னேன்கிறதுக்குத்தான் இந்தப் பதிவு.

அந்தப் பூவு செங்காந்தள். தமிழ்நாட்டோட மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அத்தனை பூக்களை வரிசையா அடுக்கறாரே, அதுல முதல் பூவே காந்தள்தான்னு எங்க பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சொல்லுவார். ஆனா எங்க ஊருல செங்காந்தள்னு சொன்னா யாருக்கும் தெரியாது. கண்வலிக்கிழங்குன்னாத்தான் தெரியும். கலப்பைக்கிழங்குன்னும் சொல்லுவாங்க, கிழங்கு ரெண்டு கை விரிஞ்சு கலப்பை மாதிரியே இருக்கும். யாழ்ப்பாணத்துப் பக்கம் கார்த்திகைப்பூன்னு பேரு. ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வே நாட்டுக்கு இதுதான் தேசிய மலர்.

இது எங்க இருக்கும்னு தெரியணும்னா எங்க கொறங்காட்டைப் பத்திச் சொல்லணும். கொறங்காடுன்னா உழாத மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப்புல்லு தானா வளரும், அங்கங்க வெள்வேல மரம் நிக்கும், வேலங்காயை ஆடு மாடு பொறுக்கித் தின்னும். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டுலதான். காட்டைச் சுத்திக் கம்பி வேலி கிடையாது, கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டா அதுபாட்டுக்கு உசுரு பிடிச்சுக்கும். முள்ளோட பின்னிக்கிட்டு நிக்கும், ஆட்டுக்குட்டி கூட நுழையாது. அந்த வேலிக்குள்ள பிரண்டை, கோவைக்கொடி, முசுமுசுக்கை, வேலிப்பருத்தின்னு ஒரு ஊரே குடியிருக்கும். கௌதாரி அடியில முட்டை வைக்கும். கீரி ஓடும். அந்தக் கூட்டத்துல ஒன்னுதான் காந்தள்.

வெயில் காலம் பூரா மண்ணுக்குள்ள கிடக்கும், இருக்கிற தடமே தெரியாது. ஆடி, ஆவணியில நாலு தூத்தல் விழுந்ததும் விரல் மாதிரி ஒரு முளை எட்டிப் பாக்கும். இலையோட நுனியே சுருண்டு கொக்கி போட்டுக் கிளுவையைப் பிடிச்சுக்கிட்டு மேலேறும். மொட்டு தலைகீழாத் தொங்கும். விரியும்போது இதழ் ஆறும் மேல் பக்கமா வளைஞ்சு நெருப்புச் சுடர் மாதிரி நிக்கும். முதல்ல பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் மஞ்சளும் சிவப்பும், கடைசியில முழுச் சிவப்பு. ஒரே கொடியில இந்த மூணு நிறமும் ஒரே நாளுல பாக்கலாம்.

நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க நாலு ஏக்கர் கொறங்காட்டு வேலியில இது எத்தனை இருந்துதுன்னு எண்ணினவங்க இல்லை. ஐப்பசியில பாத்தா வேலி தீப்பிடிச்ச மாதிரி இருக்கும். பறிக்கப் போனா அப்பத்தா கத்தும். "அதைப் பாத்தாலே கண்ணு நோவு வரும், தொடாதே!" அந்தப் பயத்துல நாங்க கிட்டயே போகமாட்டோம். இப்ப யோசிச்சா அப்பத்தா கெட்டிக்காரின்னு தோணுது. அந்தச் செடி வேரு முதல் விதை வரைக்கும் விஷம், கிழங்குல ரொம்ப. சக்கரைவள்ளின்னு நினைச்சுத் தின்னு செத்தவங்க உண்டு. அதுக்கு முறிவு மருந்தும் கிடையாது. கண்ணுவலிங்கற ஒரு பேச்சு பிள்ளைகளையும் காப்பாத்துச்சு, கொடியையும் காப்பாத்துச்சு.

அந்த வேலியைக் காலி பண்ணினது வேற யாரும் இல்லைங்க, நான்தான்.

அந்த விஷத்துக்குப் பேரு கோல்சிசின். அளவா எடுத்தா மருந்து. யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கி ராத்திரி தூங்க விடாமல் பண்ணுமே, கவுட்டுன்னு சொல்றாங்களே, அதுக்கு ரொம்பக் காலமாக் குடுக்கிற மருந்து. ஐரோப்பாவுல வேற ஒரு கிழங்குச் செடியில இருந்து 1820இல் முதல்ல பிரிச்சு எடுத்தாங்க. நம்ம காந்தள் விதையிலயும் அது நிறைய இருக்கு. அதனால மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரத்துல பல வருசமா இதை வயல்ல பயிர் பண்றாங்க. வானம் பாத்த பூமியில, கொஞ்சத் தண்ணியில, கிலோவுக்கு ஆயிரக்கணக்குல விலை போற விதைன்னா யாருக்குத்தான் ஆசை வராது?

எனக்கும் 2012இல் வந்துது. அரை ஏக்கர் போடலாம்னு முடிவு பண்ணினேன். ஏக்கருக்கு 800 கிலோ வரைக்கும் கிழங்கு வேணும். விதையை விடக் கிழங்குச் செலவுதான் ஆளை முழுங்கும். அப்பத்தான் ஒருத்தர் சொன்னார்: "உங்க வேலியிலேயே கிடக்குதே, எதுக்கு வெளிய வாங்கறீங்க?" மாசி மாசம் கொடி காஞ்சு நிக்கும். காஞ்ச கொடியைப் பிடிச்சுக்கிட்டே தோண்டினா கிழங்கு இருக்கிற இடம் தெரியும். நானும் ரெண்டு ஆளும் நாலு நாளு தோண்டினோம். 35 கிலோ. ஒரு கிழங்கு 50, 60 கிராம்னு வச்சாலும் அறுநூறு கிழங்கு. சின்னதை விட்டுடலாம்னு ஒரு ஆளு சொன்னார். "அதுவும் நாளைக்குப் பெருசாகும், எடுங்க" என்று சொன்னது நான்தான். மீதிக் கிழங்கை ஊட்டுக்காரியோட நகையை அடகு வச்சு வாங்கினேன்.

அந்த வெள்ளாமை எப்படின்னு நகரத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாது, சொல்றேன். கிழங்கோட ஒவ்வொரு கைக்கும் நுனியில ஒரே ஒரு முளைக்கண்ணு. அது ஒடிஞ்சா அந்தக் கை அவ்வளவுதான், அதனால குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கி நடணும். கொடி ஏற விராலி மாரு ஊனணும், கம்பி கட்டணும். பூ விரிஞ்ச பிறகுதான் பெரிய வேலை. இந்தப் பூவுல சூல்தண்டு மகரந்தம் இருக்கிற பக்கத்துல இருந்து விலகி, படுக்கை வசத்துல மடிஞ்சு நிக்கும். தானாச் சேர்றது கம்மி. அதனால காலையில பொம்பளையாளுக பூப் பூவாப் போய்ப் பிரஷ்ஷாலயோ பஞ்சு சுத்தின குச்சியாலயோ மகரந்தத்தைத் தொட்டு வைக்கணும். வெயில் ஏறிட்டா பிரயோசனம் இல்லை. ஐப்பசி மாசம் பூரா என் சம்சாரமும் இன்னும் மூணு பேரும் தினமும் அதைச் செஞ்சாங்க. மாநில மலரைப் பாடப் புத்தகத்துல பாக்கறவங்க, அதுக்குப் பின்னாடி இந்தக் கைகள் இருக்கிறதையும் தெரிஞ்சுக்கணும்.

முதல் வருசம் நல்லாவே வந்துது. விதையைக் காய வச்சு வித்தேன். அடகுல பாதியைத் திருப்பினேன். ரெண்டாவது வருசம் விலை பாதியாப் போச்சு. ஏன்னு கேட்டா, வாங்க வர்ற நாலஞ்சு பேரும் "வெளிநாட்டுல கேட்பு இல்லைங்க" என்பாங்க. அது நிசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? நெல்லுக்காவது அரசாங்க விலைன்னு ஒன்னு இருக்கு. இதை நம்மளும் தின்ன முடியாது, ஆட்டுக்கும் போட முடியாது, உள்ளூர்ச் சந்தையிலயும் விக்க முடியாது. அவங்க சொன்னதுதான் விலை. அமெரிக்காவுல 2009இல் இந்த மருந்துக்கு ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிமை குடுத்தப்ப, 10 சென்ட்டுக்கும் குறைவா இருந்த ஒரு மாத்திரை 5 டாலர் கிட்டப் போச்சாம். மேல அப்படி ஏறும்போது இங்க கீழ என்ன வந்துதுன்னு மட்டும் கேக்காதீங்க.

மூணாவது வருசம் நல்ல மழை. நல்ல மழையே வினையாச்சு. தண்ணி தேங்கிக் கிழங்கு அழுகல் வந்து பாதிக் காடு போச்சு. களை எடுத்துப் போட்ட குப்பையோட கிடந்த கொடியைத் தின்னு ரெண்டு வெள்ளாடு செத்துது. அதோட போதும்னு விட்டுட்டேன். தப்பிச்ச கிழங்கை வந்த விலைக்கு வித்துட்டேன். நகை மீட்க இன்னும் ரெண்டு வருசம் ஆச்சு.

இந்தப் பயிரைப் போடாதீங்கன்னு நான் சொல்ல வரலை. மூலனூர்ப் பக்கம் பக்குவமாச் செஞ்சு, கிழங்கைப் பெருக்கி, விலை ஏறும் வரைக்கும் விதையை இருப்பு வச்சு, வீடு கட்டினவங்க இருக்காங்க. எனக்குத் தாங்கிப் பிடிக்க வசதியும் இல்லை, பொறுமையும் இல்லை. நட்டம்கூடப் போகட்டும், வெள்ளாமைன்னா வரும் போகும். அடுத்த ஐப்பசியில வேலியைப் பாத்தேன் பாருங்க, அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறலை. பச்சை இருந்துது, பிரண்டை இருந்துது, கோவைப்பழம் இருந்துது. சிவப்பு மட்டும் இல்லை. அறுபது எழுபது வருசம் எங்க அப்பாரும் அய்யனும் கை வைக்காமல் விட்டதை நான் நாலு நாளுல தோண்டி, மூணு வருசத்துல தொலைச்சுட்டேன்.

விதை விழுந்து முளைக்காதான்னு கேட்பீங்க. முளைக்கும். ஆனா விதை மாசக்கணக்குல தூங்கும், முளைச்சாலும் பூக்கிற அளவுக்குக் கிழங்கு திரள மூணு, நாலு வருசம் ஆகும். அதுக்குள்ள வெயில் இருக்கு, ஆடு இருக்கு, கடப்பாரை இருக்கு. நாலஞ்சு வருசம் ஒன்னுமே இல்லை. அப்புறம் ஒரு வருசம் ரெண்டு பூவு. போன வருசம் ஏழு. இந்த வருசம் பதினொன்னு. தினமும் மாடு ஓட்டிக்கிட்டுப் போகும்போது எண்றேன், அதனால கணக்கு சரியாத் தெரியும்.

இந்த மாசியில ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல வந்தார். வேலிக் கிழங்கு வாங்கறாராம். சின்னது பெருசு எல்லாம் எடுத்துக்கறேன், ஆளு நானே கூட்டிட்டு வர்றேன், காசு கையில என்றார். அந்த நேரத்துல எங்க கிணத்து மோட்டார் எரிஞ்சு போய், காயில் கட்டறதுக்குக் காசு இல்லாமல் தென்னை வாடிக்கிட்டு நின்னுது. என் சம்சாரம் வாசப்படியில நின்னுக்கிட்டே கேட்டா: "பூவை வச்சு என்னங்க பண்ணப் போறீங்க? தலையில வைக்க முடியுமா, சாமிக்குத்தான் கட்ட முடியுமா? தென்னை போனா திரும்பி வருமா?"

நியாயமான கேள்விதானுங்க. என்கிட்ட நல்ல பதில் இல்லை. "ஒரு தடவை தோண்டினேன், அதுல என்ன மிஞ்சுச்சு?" என்று மட்டும்தான் கேட்டேன். அதுக்கு அவளும் பதில் சொல்லலை. வந்தவரை அனுப்பிட்டு, செம்மறிக் குட்டி ரெண்டை வித்து மோட்டாரைச் சரி பண்ணினேன். ஆனா அவர் அதோட போகலைங்க. அடுத்தடுத்த காட்டு வேலிகள்ல தோண்டிக்கிட்டுத்தான் போனார். பத்து ஊருல பத்துப் பேருக்கு மோட்டார் எரிஞ்சிருந்தா பத்து வேலியும் காலி.

இப்ப இன்னொரு பக்கமும் அடி. கிளுவை வேலியைப் பொக்லைன் வச்சு வேரோட பிடுங்கிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடறாங்க. சைட்டு போடறவங்களுக்கு வேலி அடைக்கிற அஞ்சடி நிலம்கூடக் காசு. ஊருக்குள்ள வாரிசுக பனியன் கம்பெனிக்கும் வெளியூருக்கும் போன பிறகு, வருசா வருசம் வேலி கட்ட ஆளும் இல்லை. அவங்களைக் குத்தம் சொல்லவும் மனசு வரலை.

சரி, என்னதான் பண்ணணும்கறே? கேப்பீங்கன்னு தெரியும்.

இதுக்கு அந்த ஹையசிந்த் கதையிலேயே பதில் இருக்கு. அக்கா மகள் வாங்கின கிழங்கு ஹாலந்துல இருந்து வந்தது. அந்தப் பூவுக்குச் சொந்த ஊரு ஹாலந்து இல்லை, துருக்கிப் பக்கத்து மலை. ஆனா ஹாலந்துக்காரன் துருக்கி மலையைத் தோண்டி விக்கலை. நூத்துக்கணக்கான வருசமா வயல்ல பெருக்கி விக்கறான். கிழங்கோட அடிப்பக்கத்தைக் கத்தியால கீறி வச்சா அந்தக் காயத்துல குட்டிக் கிழங்கு கட்டும். அதை மூணு நாலு வருசம் வளர்த்துத்தான் கடைக்கு அனுப்பறான்.

அதே துருக்கியில வேற ஒரு சின்ன வெள்ளைப்பூக் கிழங்கு உண்டு. ஸ்னோடிராப்னு பேராம், அக்கா மகள்தான் படிச்சுக் காட்டுச்சு. 1980கள்ல அதை மலையில இருந்து லட்சக்கணக்குல தோண்டி ஐரோப்பாத் தோட்டங்களுக்கு ஏத்துமதி பண்ணியிருக்காங்க. தோண்டினது எல்லாம் நம்மள மாதிரி ஏழை மலைக்கிராமத்துக்காரங்கதான். 1990இல் அந்தக் கிழங்கை, காட்டு உயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியல்ல சேர்த்தாங்க. வருசத்துக்கு இவ்வளவுதான்னு அளவு வச்சாங்க. அதோட நிறுத்தாமல், அந்தக் கிராமத்துக்காரங்களையே தோட்டத்துல கிழங்கைப் பெருக்கி விக்கவும் பழக்கினாங்க. தோண்டாதேன்னு சொன்னா மட்டும் போதாது, தோண்டாமல் பிழைக்க வழியும் காட்டணும்கறது அங்க புரிஞ்சிருக்கு.

நம்ம ஊருலயும் இது முடியாத காரியம் இல்லை. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் பயிருக்கு நடவு முறை, உர அளவு, நோய் மருந்து எல்லாம் எழுதியே வச்சிருக்கு. தோட்டக்கலைப் பண்ணையில கத்தரி நாத்து, மிளகாய் நாத்து வளர்த்துக் குடுக்கற மாதிரி, விதையில இருந்து காந்தள் கிழங்கு வளர்த்து விவசாயிக்குக் குடுக்கலாம். பயிர் பண்றவனுக்கு மலிவாக் கிழங்கு கிடைச்சா வேலிக்கு எவன் கடப்பாரை தூக்கிக்கிட்டு வருவான்? விதைக்கு ஒரு அடிமட்ட விலையும் வேணும். கிளுவை வேலியைக் காப்பாத்தி வச்சிருக்கிறவனுக்கு, ஒரு ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஏதாவது ஊக்கத்தொகை குடுத்தா இன்னும் நல்லது. மாநில மலர்னு பேரு வச்சது போதும்னு இருந்தா, இன்னும் கொஞ்ச வருசத்துல அது புத்தகத்துலயும் மருந்துக் கம்பெனிக் கணக்குலயும் மட்டும்தான் இருக்கும்.

உங்களுக்குன்னு ரெண்டு வார்த்தை. மாடியில காந்தள் வைக்க ஆசைன்னா, "இது காட்டுல தோண்டினதா, தோட்டத்துல வளர்த்ததா?" என்று விக்கிறவரைக் கேட்டு வாங்குங்க. கேக்கற ஆளு பெருகினால்தான் விக்கிற ஆளு மாறுவார். சின்னக் குழந்தையோ, எதையும் கடிச்சுப் பாக்கற நாய்க்குட்டியோ இருக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டே போகாதீங்க, எங்க அக்கா கதையை ஒரு தடவை நினைச்சுக்குங்க. அன்னிக்குக் கை அரிப்போட போச்சு, இதுன்னா அப்படிப் போகாது.

கிழங்குப் பூவுதான் வேணும், தொல்லையும் வேண்டாம்னா நிலச்சம்பங்கி வைங்க. அதுவும் வெளிநாட்டுச் செடிதான், மெக்சிகோ. ஆனா நம்ம வெயிலுக்குப் பழகிடுச்சு. சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்குல இருக்கு, கிழங்கு விவசாயிகிட்டயே கிடைக்கும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரஜ்வல் ரகம்னு கேட்டு வாங்கினா பூ பெருசா வரும். கொஞ்சம் அகலமான தொட்டி, நல்ல வெயில், தண்ணி தேங்காத மண்ணு போதும். சாயங்காலம் வாசம் வரும், ஹையசிந்துக்குக் குறைச்சல் இல்லைன்னு அக்கா மகளே சொல்லுது. மழை லில்லி இன்னும் சுலபம், ஒரு மழை பெஞ்சா அடுத்த சில நாள்ல பூக்கும்.

இந்தத் தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோட வந்திருந்துது. மழை விட்ட ஒரு காலையில அந்தப் புள்ளயைக் கொறங்காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மேக்கு வேலியில மூணு பூவு ஒரே கொடியில, மஞ்சள் ஒன்னு, ரெண்டுங்கெட்டான் ஒன்னு, சிவப்பு ஒன்னு. அது ரொம்ப நேரம் பேசாமல் நின்னுது. போட்டோ எடுத்துது. "இதையா மாமா எல்லாத்தையும் தோண்டினீங்க?" என்று கேட்டுது. ஆமா சாமின்னேன்.

கிழங்கு கேக்கலை. காய் முத்தி வெடிக்கும்போது விதை மட்டும் பத்து எடுத்து வைங்க, விஷம்னு தெரியும், அம்மா கைக்கு எட்டாத இடத்துல வச்சுக்கறேன், மூணு வருசம் ஆனாலும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கு. தையில காய் வெடிக்கும். எடுத்து வைக்கணும். மீதி விதையைக் கிழக்கு வேலி ஓரமா நானே ஊனலாம்னு இருக்கேன், அந்தப் பக்கம் இன்னும் ஒரு கொடி கூட வரலை. ஊனற இடத்துக்கு முள்ளு வெட்டித் தர்றேன்னு என் சம்சாரம் சொல்லியிருக்கா. மோட்டார் விசயத்தை இன்னும் மறக்கலை, அதையும் சேர்த்துத்தான் சொன்னா.

மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் ஆச்சுங்க. ஐப்பசி, கார்த்திகையில இந்தப் பக்கம் வந்தா வேலி ஓரமாக் கொஞ்சம் மெதுவாப் போங்க.